பரையா: திரும்பி வந்த சொல்

கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பெனி 1690இல் விலைக்கு வாங்குவதற்கு முன்பே, ‘பறையர்’ என்ற சொல் ‘பரையா’வாக ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. முதலில் அது சாதிப் பெயர். பிறகு வெள்ளைக்காரன் தெருநாயையும் பருந்தையும்கூட அப்படியே கூப்பிட்டான். 19ஆம் நூற்றாண்டில் ஒதுக்கப்பட்ட எவரையும் அது குறித்தது. மாக்ஸ் வெபர் யூதர்களை இச்சொல்லால் வகைப்படுத்தினார். ஹன்னா அரெந்த் 1944இல் அதில் ஒரு கலகக்காரரைக் கண்டார். இன்று நாடுகளையே ‘பரையா’ங்கிறார்கள். இந்தப் பயணத்தில் காணாமல் போனது ஒன்றுதான்: ஒதுக்கினவன் யார் என்ற கேள்வி.

இங்கே அது காணாமல் போகவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்றே இதழ் தொடங்கினார். அயோத்திதாசரோ அது எதிரிகள் சுமத்திய பெயர் என்று மறுத்தார். ஒருவர் சொல்லைக் கைப்பற்றினார், மற்றவர் தூக்கி எறிந்தார். இரண்டும் அரசியலே. சிதம்பரத்தில் சகஜானந்தர் 1916இல் கல்விக் கழகம் தொடங்கியபோது, தீக்குள் இறங்கித்தான் தில்லைக்குள் போக முடிந்த நந்தனாரின் பெயரை அதற்கு வைத்தார்.

‘அது வெறும் இங்கிலீஷ் வார்த்தைதானே’ன்னு நண்பர்கள் சொல்வதுண்டு. இல்லை. கோட்பாட்டுக் கட்டுரையில் ‘பரையா’ என்று எழுதும்போது நாம் ஐரோப்பாவிடம் கடன் வாங்கவில்லை; நம்ம ஊர்ச் சேரியிலிருந்து போனதைத் திரும்ப வாங்குகிறோம். வாங்கும்போது ஒதுக்கினவன் பேரையும் சேர்த்துக் கேட்டு வாங்கணும்.