மறதிக்கு எதிரான மிகுபுனைவு: ‘எல் லபெரிந்தோ தெல் ஃபௌனோ’ திரைப்படத்தின் உருவாக்கமும் தாக்கமும்

முன்னுரை

மெக்சிக்கோ நாட்டு இயக்குநர் கியர்மோ தெல் தோரோ எழுதி இயக்கிய ‘எல் லபெரிந்தோ தெல் ஃபௌனோ’ (ஃபௌனின் புதிர்வழி) என்னும் ஸ்பானிய மொழித் திரைப்படம் 2006 மே மாதம் கான் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் இது ‘பான்ஸ் லேபிரிந்த்’ என அறியப்படுகிறது. கதை நிகழும் காலம் 1944, களம் ஸ்பெயின். இப்படத்தின் மிகுபுனைவு வரலாற்றிலிருந்து தப்பிச் செல்லும் வழியன்று, பேசாமல் விடப்பட்ட வரலாற்றைப் பேசும் வழி என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

வரலாற்றுப் பின்புலம்

1936இல் தொடங்கிய ஸ்பானிய உள்நாட்டுப் போர் 1939இல் பிராங்கோவின் வெற்றியுடன் முடிந்தது. தோற்ற குடியரசுத் தரப்பினருள் சிலர் மலைக்காடுகளில் மறைந்திருந்து போராட்டத்தைத் தொடர்ந்தனர். அவர்களை ஒழிக்க அனுப்பப்பட்ட கேப்டன் விடாலின் முகாமுக்கு, அவனை மணந்த தாயுடன் சிறுமி ஒஃபேலியா வருவதிலிருந்து கதை தொடங்குகிறது.

பிராங்கோ 1975இல் இறந்தபின், 1977ஆம் ஆண்டின் பொதுமன்னிப்புச் சட்டம் அக்காலக் குற்றங்கள் மீதான விசாரணைக்கு வழியடைத்தது. இந்நிலை ‘மறதி ஒப்பந்தம்’ எனப் பெயர் பெற்றது. 2000இல் லியோன் மாகாணத்துப் பிரியரான்சா தெல் பியேர்சோ என்னும் ஊரில் 1936இல் கொல்லப்பட்ட 13 பேரின் புதைகுழி தோண்டப்பட்ட பின்னரே நினைவு மீட்பு இயக்கம் வலுப்பெற்றது. இப்படம் அச்சூழலில் உருவானது.

முன்னோடியும் வேறுபாடும்

விக்டர் எரிசேயின் ‘எல் எஸ்பிரிது தெ லா கொல்மேனா’ (1973) போருக்குப் பிந்தைய ஸ்பெயினை ஒரு சிறுமியின் கற்பனை வழியே காட்டிய முன்னோடிப் படம். அது தணிக்கை நிலவிய பிராங்கோ ஆட்சியில் எடுக்கப்பட்டது. அங்கே கற்பனை உண்மையை மறைத்துச் சொல்லும் திரையாகவும் பயன்பட்டது. 2006இல் அத்தகைய தடை இல்லை. ஆகவே தெல் தோரோ சித்திரவதையை நேரடியாகவே காட்டுகிறார். அவர் படத்தில் மிகுபுனைவு மறைப்பு உத்தியாக இல்லாமல் அறச்சோதனைக்குரிய களமாக அமைகிறது.

உருவாக்கம்

ஃபௌன், வெளிறிய மனிதன் ஆகிய இரு உருவங்களையும் ஏற்று நடித்தவர் அமெரிக்க நடிகர் டக் ஜோன்ஸ். ஸ்பானிய மொழி அறியாத அவர் வசனங்களை மனனம் செய்து நடித்தார். பின்னர் வேறொருவர் குரல் கொடுத்தார். அவ்வுருவங்கள் கணினி வரைகலையைவிட ஒப்பனையையும் இயந்திரப் பொறிகளையுமே பெரிதும் சார்ந்திருந்தன. முகாமின் காட்சிகளுக்குக் குளிர்ந்த நீலச்சாயலும், புனைவுலகக் காட்சிகளுக்குப் பொன்னிறச் சாயலும் அளிக்கப்பட்டன.

இவ்விரு உலகங்களும் ஒன்றையொன்று விளக்குகின்றன. மக்கள் பங்கீட்டு அட்டையில் ரொட்டி பெறும் ஊரில், விடால் விருந்து மேசையின் தலைமாட்டில் அமர்கிறான். நிலவறையில் குழந்தைகளை உண்ணும் வெளிறிய மனிதனும் உணவு நிறைந்த மேசையின் தலைமாட்டிலேயே அமர்ந்திருக்கிறான்.

கீழ்ப்படியாமை என்னும் அறம்

போராளிகளுக்கு உதவும் மருத்துவர் ஃபெர்ரேய்ரோ, விடாலின் ஆணையை மீறி உயிரிழக்கிறார். தம்பியின் இரத்தத்தைக் கேட்கும் ஃபௌனின் ஆணையை மறுத்து ஒஃபேலியாவும் உயிரிழக்கிறாள். மனிதர் இட்டதாயினும் மாயவுரு இட்டதாயினும், ஆணை அறத்துக்கு மாறானால் மறுக்கத்தக்கது என்பதே இவ்விணையின் பொருள். தன் மரண நேரத்தை மகனுக்குச் சொல்லுமாறு விடால் இறுதியில் கேட்கிறான். அவன் பெயர்கூட மகனுக்குத் தெரியவராது என்கிறாள் மெர்செதெஸ். வென்றவர் நினைவுகூரப்பட, தோற்றவர் பெயரின்றிப் புதைக்கப்பட்ட நாட்டில், இக்காட்சி அம்முறையைத் தலைகீழாக்குகிறது.

தாக்கம்

2007ஆம் ஆண்டு ஆஸ்கர் விழாவில் ஒளிப்பதிவு, கலை இயக்கம், ஒப்பனை ஆகிய மூன்று விருதுகளை இப்படம் பெற்றது. அதே ஆண்டில் ஸ்பெயின் நாடாளுமன்றம் வரலாற்று நினைவுச் சட்டத்தை நிறைவேற்றியது. படமே சட்டத்துக்குக் காரணம் என்பது மிகையாகும். இரண்டும் ஒரே சமூகத் தேவையிலிருந்து எழுந்தவை எனலாம். கீழ்ப்படியாமை என்னும் கருத்தை முசோலினி கால இத்தாலியில் வைத்துத் தம் ‘பினோக்கியோ’ (2022) படத்தில் தெல் தோரோ மீண்டும் கையாண்டார்.

முடிவுரை

ஒஃபேலியா கண்ட உலகம் உண்மையா என்னும் வினாவுக்குப் படம் ஒற்றை விடை தரவில்லை. அவளைக் கொன்ற ஆட்சி உண்மையாக இருந்தது என்பதில் அது ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஆவணங்கள் மௌனமாக்கப்பட்ட காலத்தை எழுத முற்படும் ஆய்வாளருக்கு, புனைவும் ஒரு சான்றாகக் கருதத்தக்கது என்பதை இப்படம் உணர்த்துகிறது.