நெருக்காட்டமும் நெறியும்

கரையில்லாத வெள்ளம் ஊரை அழிக்கும். கரைக்குள் ஓடும் வெள்ளம் வயலை வாழ்விக்கும். விளையாட்டில் உடல் வலிமையே வெள்ளம், விதியே கரை. இவ்வுண்மையை விளக்கும் வரலாறு ஒன்றை, இவ்வாண்டு விழா மலர் வாயிலாக நம் காலனித் தமிழ்க் குடும்பங்களின் முன் வைக்க விழைகின்றோம்.

பாலக்காட்டுக் கணவாய் வழியே இருப்புப்பாதைப் பணிக்கு வந்த நம்மவரும், போடி மலைப்பாதை ஏறி மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம்மவரும் சடுகுடுவைத் தம்மோடு கொண்டு வந்தனர். கால்பந்தோ ஆங்கிலேயர் வழியாக வந்தது. மூணாற்றில் பின்லே கம்பெனியின் பெயரால் நடைபெற்ற போட்டிகளில் தோட்டத் தொழிலாளர் அணிகள் ஆடிய ஆட்டத்தை அம்மலைநாட்டார் நன்கறிவர். அக்கால்பந்து பிறந்த இடம் யாது? இங்கிலாந்தின் பழம்பெரும் பள்ளிகளின் மைதானங்கள் எனலாம். ஆங்கே தொடக்கத்தில் முதன்மை பெற்றிருந்தது பந்தை நயமாக உதைத்துச் செல்லும் ஆட்டம் அன்று. பந்தை நடுவிலிட்டு இரு கட்சியாரும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் நெருக்காட்டமே அது.

இந்நெருக்குக்குப் பள்ளிதோறும் ஒரு பெயர் உண்டு. ஈட்டன் பள்ளியில் அது ‘புல்லி’, வின்செஸ்டரில் ‘ஹாட்’, ரக்பியில் ‘ஸ்க்ரம்மேஜ்’. கடைசிப் பெயரே சுருங்கி ‘ஸ்க்ரம்’ என உலகெங்கும் வழங்குகின்றது.

ஈட்டன் பள்ளியின் சுவராட்டம் வியப்புக்குரியது. 1717ஆம் ஆண்டில் கட்டப்பட்ட செங்கற்சுவர் ஒன்றை ஒட்டி, ஏறத்தாழ 5 மீட்டர் அகலமும் 110 மீட்டர் நீளமும் உடைய ஒடுங்கிய களத்தில் அது நிகழும். கட்சிக்குப் பதின்மர். பந்து பெரும்பாலும் ஆட்களின் குவியலுக்குள் மறைந்தே கிடக்கும். ஆயினும் அது கட்டற்ற சண்டை அன்று. கையும் காலும் அன்றி உடலின் வேறு பகுதி தரையிற் படலாகாது; குத்தலாகாது; எதிரியின் சட்டையைப் பற்றலாகாது. இவற்றினும் சிறந்த வழக்கம் ஒன்றுண்டு. குவியலின் அடியில் மூச்சுத் திணறுபவன் ‘காற்று’ என்று பொருள்படும் ‘ஏர்’ என்னும் சொல்லைக் கூவினால், ஆட்டம் உடனே நிறுத்தப்படும். புனித ஆந்திரேயா நாளில் நடைபெறும் ஆண்டுப் போட்டியில் கடைசியாகக் கோல் விழுந்தது 1909ஆம் ஆண்டில்தான். வெற்றி அத்துணை அரிதாகிய ஆட்டத்திலும், வெற்றியினும் ஒருவன் மூச்சே பெரிதென அப்பிள்ளைகள் கொண்டனர்.

நம் சடுகுடுவை இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். பாடிச் செல்பவன் மூச்சை விட்டால் ஆட்டமிழப்பான். அவன் மூச்சே அங்கு விதி. ஆயினும் பிடிப்போர் அவன் வாயைப் பொத்துவதும் கழுத்தை நெரிப்பதும் கபடி விதிகளின்படி குற்றமாகும். கடல் கடந்த இரு நாட்டு ஆட்டங்களும் மூச்சைக் காக்கும் இடத்தில் ஒன்றுபடுகின்றன.

இனி, ரக்பிப் பள்ளிக்குச் செல்வோம். 1823ஆம் ஆண்டில் வில்லியம் வெப் எல்லிஸ் என்னும் மாணவன் பந்தைக் கையிலெடுத்து ஓடியதால் ரக்பி ஆட்டம் பிறந்தது என்பர். அக்கதை அவன் இறந்த பின்னரே, 1876இல், அச்சேறியது. நேரிற் கண்டார் சான்று அதற்கு இல்லை. உறுதியாகச் சான்றுள்ள நிகழ்ச்சி வேறொன்று. 1845ஆம் ஆண்டு ஆகஸ்டில் மாணவர் மூவர் அமர்ந்து, அதுவரை வாய்வழக்காக இருந்த விதிகளை எழுத்தில் வடித்தனர். ஆசிரியர் எவரும் எழுதித் தந்திலர். குதிகாலால் உதைத்தலும் முழங்காலுக்கு மேல் உதைத்தலும் ஆகாவென்றும், ஆணியோ இரும்புத் தகடோ நீட்டிக்கொண்டிருக்கும் காலணியை அணியலாகாதென்றும் அம்மூவரும் விதித்தனர். அவருள் ஒருவர் பதினேழு வயதினரான வில்லியம் டெலாஃபீல்ட் ஆர்னால்ட். அப்பள்ளியின் புகழ்பெற்ற தலைமையாசிரியர் தாமஸ் ஆர்னால்டின் மைந்தர். பின்னாளில் இந்தியாவுக்கு வந்து பஞ்சாபின் கல்வித்துறை இயக்குநராகப் பணியாற்றி, 1859இல் தாயகம் திரும்பும் வழியில் ஜிப்ரால்டரில் மறைந்தவரும் இவரே.

எனினும் முழங்காலுக்குக் கீழே உதைத்தல் ஒழிந்தபாடில்லை. 1863இல் இலண்டனில் கால்பந்துச் சங்கம் அமைந்தபோது, அவ்வுதையை விலக்கலாகாதென வாதிட்டுப் பிளாக்ஹீத் கழகம் வெளியேறியது. அதுவே ஆண்மைக்கு அழகென அவர் கருதினர் போலும். ஆனால் 1871இல் அக்கழகமும் சேர்ந்து நிறுவிய ரக்பிச் சங்கம் தன் முதல் விதித்தொகுப்பிலேயே அவ்வுதையை விலக்கிவிட்டது! எட்டாண்டுகளில் ஏற்பட்ட இம்மாற்றம் சிந்திக்கத்தக்கது.

இந்நெருக்காட்டம் நம் நாட்டுக்கும் வந்தது. 1872ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் கட்சிக்கு இருபதின்மராக ரக்பி ஆடினர். அதனைத் தொடர்ந்து தோன்றிய கழகம் சில ஆண்டுகளில் கலைந்தபோது, வங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி, நாகப்பாம்புக் கைப்பிடிகளும் யானை உருவம் அமைந்த மூடியும் கொண்ட கோப்பை ஒன்றைச் செய்தனர். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் போட்டியிடும் கல்கத்தாக் கோப்பை அதுவே.

இன்றைய ஸ்க்ரமில் கட்சிக்கு எண்மர் மூன்று வரிசையாகக் கோத்து நிற்பர். எழுவர் ரக்பியில் மும்மூவர். முன்வரிசையார் கழுத்தின்மேல் விழும் பாரம் மிகப் பெரிது. நெருக்கு சரிந்தால் முதுகெலும்பு முறிந்து வாழ்நாள் முழுதும் படுக்கையிற் கிடக்க நேர்தலும் உண்டு. ஆகவே பாய்ந்து மோதும் பழைய வழக்கத்தை மாற்றி, ‘குனி, பற்று, சேர்’ என நடுவர் கட்டளையிட, முதலில் ஒருவரையொருவர் பற்றிய பின்னரே தள்ளும் முறையை 2013இல் புகுத்தினர். பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளலாகாது என்னும் விதியும் உண்டு. விதி ஒவ்வொன்றின் பின்னும் எங்கோ ஒரு தாயின் கண்ணீர் உண்டு என்று கொள்க.

இவ்வரலாறு நமக்குரைப்பது என்ன? விளையாட்டு விழாக்களில் சடுகுடுவோ கயிறிழுப்போ நிகழும்போது, விதியை ஆட்டத்துக்கு முன்னர் வகுக்காமல், பூசல் எழுந்த பின்னர்த் தேடும் வழக்கம் நம்மிடையே உள்ளது. வலியவன் குரலே அப்போது விதியாகிவிடும். எளியவனின் பிள்ளை அழுதுகொண்டே வீடு திரும்புவான். இதனை மாற்றுதல் நம் கையில் உள்ளது. விதிகளைப் பிள்ளைகளே கூடி எழுதட்டும். பெரியோர் திருத்தித் தரட்டும். ஆட்டத்துக்கு முன் அவற்றை உரக்கப் படிக்கட்டும். அடியில் அகப்பட்டவன் கூவினால் ஆட்டம் நிற்கும் என்பதே முதல் விதியாகட்டும். ரக்பிப் பள்ளிப் பிள்ளைகள் 1845இல் செய்த செயலை நம் காலனிப் பிள்ளைகளும் செய்ய வல்லரே.

வளர்க நம் சங்கம்! வாழ்க நம் இளைஞர்!