தமிழ்ப்பள்ளிக்கு ஒரு பங்கு: வாய்ச்சொல் போதாது, உயில் வேண்டும்

சிகாமட் - தம் காலத்துக்குப் பிறகு, தாம் படித்த தமிழ்ப்பள்ளிக்கு ஏதாவது போய்ச் சேர வேண்டும் என்ற ஆசை தோட்டத்தில் உழைத்து முன்னேறிய பலருக்கு உண்டு. ஆனால், அதை எழுதி வைப்பவர்கள் குறைவு.

உயில் இல்லாமல் இறந்தால், தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவரின் சொத்து 1958ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படி துணைவர், பிள்ளைகள், பெற்றோர் என உறவினருக்கே போகும். பள்ளிக்கு அதில் ஒரு காசும் கிடைக்காது.

*பச்சையப்பர் விட்டுச் சென்ற பாடம்*

சென்னையின் பச்சையப்பன் கல்லூரி ஓர் உயிலில் பிறந்தது. வணிகர் பச்சையப்ப முதலியார் 1794இல் உயில் எழுதி, அதே ஆண்டு காலமானார். பெரும்பாலும் கோயில் தருமங்களுக்கென விட்ட பணம் வழக்குகளில் சிக்கியது. பிறகு நீதிமன்றத் தலையீட்டால் மிஞ்சிய தொகை கல்விக்குத் திரும்பியது. பள்ளி திறக்கப்பட்டது 1842இல். அதாவது 48 ஆண்டுகள் கழித்து. அது 1889இல் கல்லூரியானது.

உயில் இருந்ததால்தான் பணம் தப்பியது. அது சிக்கலில்லாமல் நிறைவேற வழி செய்யாவிட்டால், ஒரு தலைமுறைப் பிள்ளைகள் காத்திருக்க நேரிடும்.

*கவனிக்க வேண்டியவை*

1. 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, எழுதுபவர் 18 வயது நிரம்பியவராகவும் தெளிந்த மனநிலையில் உள்ளவராகவும் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் உடனிருக்கும் இரு சாட்சிகள் முன் கையொப்பமிட வேண்டும்.

2. சாட்சிக்கோ அவரின் துணைவருக்கோ எழுதிய பங்கு செல்லாது. எனவே, பயன்பெறாதவர்களையே சாட்சியாக வையுங்கள்.

3. உயிலுக்குப் பின் திருமணம் செய்தால், பொதுவாகப் பழைய உயில் ரத்தாகிவிடும். புதிதாக எழுதுங்கள்.

4. இபிஎஃப் பணம் நீங்கள் நியமித்தவருக்கே போகும். அதை உயிலில் மட்டும் எழுதினால் போதாது.

5. கடன், ஈமச்செலவு, குடும்பத்தின் பங்கு போக மிஞ்சுவதில் பத்தில் ஒரு பங்கு என எழுதலாம். சொத்தின் மதிப்பு ஏறினாலும் இறங்கினாலும் அது பொருந்தும். குடும்பத்தை நிர்க்கதியாக விட்டால், அவர்கள் 1971ஆம் ஆண்டு குடும்பப் பராமரிப்புச் சட்டப்படி நீதிமன்றம் போகலாம்.

6. பள்ளியின் பெயரை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். தோட்டம் கைமாறி, மாணவர் குறைந்து, பள்ளி இடம் மாறலாம், மூடவும் படலாம். "அப்பள்ளி இல்லாவிட்டால், இந்த வட்டாரத்தில் வறிய மாணவர்களின் கல்விக்கு" என்று மாற்று ஏற்பாட்டையும் சேருங்கள். எந்தச் செலவுக்கு என்பதையும் சொல்லுங்கள்: பஸ் கட்டணமா, எஸ்பிஎம் டியூஷனா, கல்லூரி நுழைவுக் கட்டணமா?

7. நம்பகமான நிறைவேற்றாளரை நியமித்து, உயில் இருக்குமிடத்தை அவரிடம் சொல்லுங்கள். வழக்கறிஞரையோ அமானா ராயாவையோ நாடலாம்.

பெரிய தொகை தேவையில்லை. எஸ்பிஎம் முடித்து பஸ் ஏறும் ஒரு பிள்ளைக்கு, முதல் செமஸ்டர் கட்டணமே படிப்பைத் தொடர்வதா வேலைக்குப் போவதா என்பதைத் தீர்மானிக்கும். முதலில் வீட்டில் பிள்ளைகளிடம் பேசுங்கள், பிறகு எழுதுங்கள்.