செலவு என்னும் சொல்லும் சித்தூரின் வெயிலும்

தமிழில் ‘செலவு’ என்ற சொல் பணம் கழிவதைக் குறிப்பது பின்னாளில் ஏற்பட்ட வழக்கு. ‘செல்’ என்னும் வினையடியில் பிறந்த இச்சொல்லைத் தொல்காப்பியம் போதல் என்ற பொருளில் ஆள்கிறது. அகப்பாடல்களில் அது தலைவனின் பயணம். வீடுகளின் எரிபொருட் செலவை வரலாற்று நோக்கில் ஆராய்வோர் இப்பழைய பொருளையும் நினைவிற்கொள்ளுதல் நலம். விறகடுப்பு எரியும் சிற்றூரில் எரிபொருளின் விலை பெரும்பாலும் பெண்களின் நடையாகவே செலுத்தப்படுகிறது.

சித்தூர் மாவட்டம் 1911இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவாயிற்று. மழை குன்றிய இம்மண்ணில் சூரிய ஆற்றல் மின்கட்டணத்தைக் குறைக்கும் கருவியாக அறியப்படுவதற்கு முன்பே அடுப்பங்கரைக்கு வந்துவிட்டது. அன்றைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த பைசனிவாரிப்பள்ளி என்னும் சிற்றூரில், இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டில், 36 குடும்பங்களும் பரவளையக் கிண்ண வடிவிலான சூரிய அடுப்புகளில் சமைக்கத் தொடங்கின. வெயில் நகர நகரக் கிண்ணத்தையும் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். இரவிலும் மழைநாளிலும் அது பயன்படாது. எனினும் புகை குறைந்தது. விறகுக்காக நடக்கும் தொலைவும் குறைந்தது. இந்தச் சேமிப்பைப் பதிவுசெய்ய ஒரு மீட்டர் இல்லை.

இதே காலத்தில், 2002இல், திருமலையின் அன்னதானக் கூடத்துக் கூரைமேல் 106 கண்ணாடித் தட்டுகள் நிறுவப்பட்டன. வுல்ஃப்காங் ஷெஃப்லர் வடிவமைத்த வகையைச் சேர்ந்த இவை ஒவ்வொன்றும் 9.2 சதுர மீட்டர் பரப்புடையவை. தட்டு சூரியனைத் தொடர்ந்து தானே சுழலும். குவியம் மட்டும் ஓரிடத்தில் நிலைத்திருக்கும். அங்கே நீர் ஆவியாகிச் சுமார் 180 பாகை வெப்பத்தில் சமையற்கூடத்துக்குச் செல்லும். நாளொன்றுக்கு 15,000 பேருக்குச் சமைக்கும் நோக்கில் அமைந்த இவ்வமைப்பு முன்பே இருந்த டீசல் கொதிகலன்களுடன் இணைக்கப்பட்டது. மேகம் மூடினாலும் உலை நிற்காது. ஆண்டுக்குச் சுமார் 1,18,000 லிட்டர் டீசல் மிச்சமாகும் என்று மதிப்பிடப்பட்டது. சிற்றூரில் எண்ணப்படாத சேமிப்பு திருமலையில் லிட்டர்க் கணக்கில் எழுதப்பட்டது.

மூன்றாம் கட்டம் மின்தகடுகளுக்குரியது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என மானியம் வரையறுக்கப்பட்டது. 2025இல் குப்பத்தை அடுத்த நடிமூரும் சந்திரகிரி வட்டாரத்து நாராவாரிப்பள்ளியும் இதற்கு முன்னோடி ஊர்களாக முன்வைக்கப்பட்டன. நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் தரும். வீட்டுத் தேவை போக எஞ்சியது மின்கம்பிக்குச் சென்று கணக்கில் வரவாகும். தகட்டைத் திருப்ப ஆள் வேண்டியதில்லை; ஆனால் சேமிப்பின் அளவு மானியத்தையும் கட்டண விதியையும் சார்ந்ததாகிவிட்டது.

மூன்றையும் அருகருகே வைத்தால் ஒன்று தெளிவாகும். முதற்கட்டம் நடையையும் புகையையும் குறைத்தது. இரண்டாவது டீசலைக் குறைத்தது. மூன்றாவது மின்கட்டணத்தைக் குறைக்கிறது. கூரைத் தகட்டின் மின்சாரம் விளக்குக்கும் மின்விசிறிக்கும் போகிறது. மின்னடுப்பு இல்லாத வீட்டில் சமையல் இன்றும் எரிவாயுவையோ விறகையோ நம்பியே நடக்கிறது. ஆகவே மின்கட்டணச் சீட்டுகளை மட்டும் சான்றாகக் கொள்ளும் வரலாறு, அடுப்பில் தொடங்கிய கதையின் முதற்பகுதியையும் அதை நடத்திய பெண்களையும் விட்டுவிடும். வீட்டு எரிசக்திச் சேமிப்பை அளக்கப் புகும் ஆய்வுகள் யூனிட்டுகளோடு நடந்த தொலைவையும் அடுப்படியில் கழிந்த நேரத்தையும் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். ‘செலவு’ என்ற சொல்லின் இரு பொருளும் அப்போதுதான் கணக்கில் சேரும்.