கஞ்சித்தொட்டியும் ஒரு பவுண்டு கூலியும்

ஸ்டான்லி ஆஸ்பத்திரியை ராயபுரத்துப் பெரிசுகள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'ன்னுதான் சொல்வாங்க. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் நினைவு அது. கஞ்சி நினைவிருக்கு, நிவாரண வேலைக்குக் கொடுத்த கூலிதான் மறந்துபோச்சு.

1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், எண்ணூர்ப் பக்கம் போகும் பழைய கால்வாயை அடையாற்றோடு இணைக்க நகருக்குள் சுமார் 8 கிலோமீட்டர் வெட்டினார்கள். பசித்தவர்களுக்கு வேலை, கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்காம் பெயர்.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம், தானியமும் சொற்பக் காசும் போதும் என்றார். 1874 பீகார் பஞ்சத்தில் தாராளமாகச் செலவழித்ததற்குத் திட்டு வாங்கியவர் இவர். அந்தக் கெட்ட பேரைக் கழுவ மதராஸ்காரன் வயிறு கிடைத்தது. சொந்த நாட்டுத் தொழிலாளியிடம் இந்தப் பரீட்சையை வைத்திருப்பாரா?

எதிர்த்தவரும் வெள்ளைக்காரர்தான். சுகாதார ஆணையர் கார்னிஷ், ஒன்றரைப் பவுண்டு தானியம், காய்கறி, புரதம் எல்லாம் வேண்டும் என்று மல்லுக்கட்டினார். கூலி பிறகு ஓரளவு உயர்ந்தது. அதுவரை, மண் சுமந்தவரைவிடச் சிறைக்கைதிக்கு அதிகச் சாப்பாடு.