உழவு முடித்ததும் டிராக்டர் பானட்டில் புகையா? காரணம் கண்டறியும் முறை

கோடை உழவில் கரிசல் நிலத்தில் சுழற்கலப்பையைப் பூட்டி மூன்று, நான்கு மணி நேரம் விடாமல் ஓட்டுகிறீர்கள். ஓடும்போது ஒன்றும் தெரிவதில்லை. வரப்போரம் நிறுத்திய சில நிமிடங்களில் பானட் இடுக்கில் புகை வருகிறது. பல விவசாயிகள் இதை "சூடு ஏறிவிட்டது" என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக்கூடாது. சைலன்சர் புகை எஞ்சினுக்குள் எரிவதைக் காட்டும். பானட் புகையோ, வெளியே எரியக் கூடாத ஏதோ ஒன்று கருகுவதைக் காட்டும்.

ஓடும்போது விசிறிக் காற்று புகையைக் கலைத்துவிடும். நின்றதும் காற்று நின்றுவிடும், சூடு மட்டும் தங்கும். முழுச் சுமையில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வழியாகப் போகும் புகையின் வெப்பம் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதன் மேல் சொட்டிய ஆயிலோ, படிந்த தாள் தூசியோ அப்போதுதான் கருகத் தொடங்கும்.

புகையைக் கண்டால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். புகை அடர்த்தியாக இருந்தாலோ, தீ நாக்கு தெரிந்தாலோ பானட்டை முழுவதும் தூக்க வேண்டாம். உள்ளே புகும் காற்று தீயை வளர்க்கும். உலர்பொடி தீயணைப்பான் இருந்தால் இடுக்கு வழியாக அடிக்கலாம். டீசல், ஆயில் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

தீ இல்லை என்று உறுதியானதும் மூக்கை நம்புங்கள். வெண்மையாக எழுந்து உடனே கலைந்து, இனிப்பு வாடை அடித்தால் அது கூலன்ட் ஆவி. ரேடியேட்டர் மூடியை அப்போது தொடவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்ததும் முகத்தில் சீறும். நன்றாக ஆறிய பிறகு ஹோஸ் பைப்பு, கிளிப், வாட்டர் பம்ப் ஆகியவற்றில் கசிவு தேடுங்கள். ரேடியேட்டர் இடுக்குகளில் தூசி அடைத்திருந்தால், விசிறிப் பக்கத்தில் இருந்து முன்பக்கம் நோக்கிக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். சிந்திய கூலன்ட்டை மண் போட்டு மூடுங்கள். அது இனிப்பாக இருப்பதால் கன்றும் நாயும் நக்கும், அது விஷம்.

நீலம் கலந்த புகை, கருகிய எண்ணெய் வாடை என்றால் எஞ்சின் ஆயில். பெரும்பாலும் டேப்பட் கவர் கேஸ்கட்டில் இருந்துதான் ஒழுகும். ஆனால் கேஸ்கட்டை மாற்றும் முன் பிரீதர் குழாயைப் பாருங்கள். அதில் சேறோ, குளவிக் கூடோ அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, புதுக் கேஸ்கட்டும் ஒழுகும். குழாய் சுத்தமாக இருந்தும் அதன் வழியே புகை குபுகுபுவென வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

ஒழுகும் இடம் தெரியவில்லையா? எஞ்சின் ஆறியதும் ஆயிலைத் துணியால் துடைத்து, சந்தேகப்படும் இணைப்புகளில் முகப்பவுடரைத் தூவுங்கள். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் ஈரக்கோடு ஆரம்பிக்கும் இடமே ஒழுகும் இடம். கீழே சொட்டும் இடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆயில் மேலே கசிந்து எங்கோ கீழே வந்து சொட்டும்.

டீசல் வாடை வந்தால் இன்ஜெக்டர் பைப்புகளையும், மேலே உள்ள ஓவர்ஃப்ளோ பைப்பின் செம்பு வாஷர்களையும் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது கையால் தடவிக் கசிவு தேட வேண்டாம். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஓர் அட்டைத் துண்டைக் காட்டினால் போதும்.

பிளாஸ்டிக் கருகும் வாடை என்றால் மறுபடி சாவியைத் திருப்பாமல், பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். செட்டில் நிற்கும் வண்டிகளில் எலி கடித்த வயரே இதற்குப் பெரும்பாலும் காரணம். பிரேக் லைனிங் கருகியது போன்ற வாடை எஞ்சினுக்குப் பின்னால், கால்மாட்டில் இருந்து வந்தால் கிளட்ச் பிளேட். கிளட்ச் மிதியில் கால் வைத்தபடியே ஓட்டும் பழக்கம் அதைத் தின்றுவிடும். கிளட்ச் ஹவுசிங்கின் அடித்துளையில் ஆயில் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். சொட்டினால் ஆயில் சீல் போயிருக்கும்.

எஞ்சின் வேலை முடித்து வந்த வண்டியில் முதல் சில மணி நேரம் பெயின்ட்டும், கைபட்ட ஆயிலும் கருகி லேசாகப் புகைவது இயல்பு. மறுநாளும் தொடர்ந்தால் பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் சூடு ஏறினால் கருவியின் அளவைக் கவனியுங்கள். 40 குதிரைத்திறன் டிராக்டரில் 7 அடி சுழற்கலப்பை என்பது என் கணிப்பில் அதிகம். 5 அடி போதும். வேலை முடிந்ததும் கலப்பையை நிறுத்தி, எஞ்சினை 3 நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணையுங்கள்.