சில்லு மறைப்புத்தகடு வரைதலின் வரலாறு

சிலிக்கான் சில்லில் பதிக்க வேண்டிய நுண்வடிவங்களைத் தாங்கிய கண்ணாடித் தகடு மாஸ்க் அல்லது மறைப்புத்தகடு எனப்படுகிறது. குரோமியம் பூசிய இடம் ஒளியை மறைக்கும். பூசாத இடம் ஒளியை விடும். தகட்டில் ஒரு பிழை இருந்தால் அதைக்கொண்டு பதிக்கப்படும் எல்லாச் சில்லுகளிலும் அப்பிழை வரும். ஆகவே வரையும் மென்பொருளையும் கோப்பு வடிவத்தையும் தேர்ந்தெடுப்பது முக்கியமானதாகும்.

கைவேலைக் காலம்

1971இல் வெளிவந்த இன்டெல் 4004 சில்லில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அதன் வடிவங்கள் ரூபிலித் என்னும் சிவப்புப் படலத்தில் பெரிய அளவில் கையால் வெட்டப்பட்டு, ஒளிப்பட முறையில் சிறிதாக்கப்பட்டன. டிரான்சிஸ்டர்கள் பெருகியபோது இம்முறை பயன்படாமல் போனது.

கோப்பு வடிவங்கள்

கால்மா நிறுவனம் 1978இல் ஜிடிஎஸ்-2 வடிவத்தை வெளியிட்டது. இதில் ஒவ்வொரு பலகோணமும் அடுக்கு எண்ணுடனும் முழுஎண் ஆயத்தொலைவுகளுடனும் சேமிக்கப்படும். கோப்புகள் அன்று காந்த நாடாவில் அனுப்பப்பட்டதால், வடிவமைப்பை ஆலைக்கு ஒப்படைப்பது இன்றும் 'டேப்-அவுட்' எனப்படுகிறது. 1980இல் கார்வர் மீட், லின் கான்வே ஆகியோரின் பாடநூல் சிஐஎஃப் என்னும் எளிய எழுத்து வடிவத்தை மாணவர்களிடையே பரப்பியது. ஆட்டோகேடின் டிஎக்ஸ்எஃப் பொதுவான பொறியியல் வரைபடங்களுக்கானது. அதில் மூடப்படாத கோடுகளும் வட்டவில்களும் இடம்பெறலாம். ஜிடிஎஸ்-2இல் அவை பலகோணங்களாக மாற வேண்டும். மைக்ரான் அளவை மில்லிமீட்டராகப் படித்தால் படம் 1,000 மடங்கு பெரிதாகிவிடும். பெருங்கோப்புகளைச் சுருக்கிச் சேமிக்கப் பின்னர் ஓயாசிஸ் வடிவம் வந்தது.

மென்பொருள்கள்

1980களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான மேஜிக், வரையும்போதே விதிமீறலைச் சுட்டிக்காட்டியது. மேற்சொன்ன நான்கு கணினி வடிவங்களையும் திறக்கும் கேலேஅவுட் மென்பொருளும் கட்டற்றதாகும்.

தமிழ்நாட்டில்

சென்னை ஐஐடியின் சக்தி செயலி 2018இல் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையிலும், பின்னர் மொகாலி செமிகண்டக்டர் ஆய்வகத்தின் 180 நானோமீட்டர் ஆலையிலும் உருவாக்கப்பட்டது. வடிவமைப்பது ஓரிடம், செய்வது வேறிடம் என்னும்போது, இரண்டுக்கும் இடையே செல்வது கோப்பு மட்டுமே. 2020இல் ஸ்கைவாட்டர், கூகுள் நிறுவனங்கள் 130 நானோமீட்டர் தொழில்நுட்பத்தின் வடிவமைப்பு விதிகளைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டன. அதனால் மேஜிக், கேலேஅவுட் ஆகியவற்றைக்கொண்டு சிற்றூர் மாணவரும் வீட்டுக் கணினியிலேயே சில்லு வரைந்து பழகலாம்.

அனுப்புமுன் கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்து, அலகு, அடுக்கு எண், ஒளிபுகும் பகுதி ஆகியவற்றைச் சரிபார்ப்பது நல்லது. தகடு செய்தபின் அதைத் திருத்துவதைவிடப் புதிதாகச் செய்வதே பெரும்பாலும் வழியாகிறது.